பால்மீரா பாலத்தருகே நின்றுபோகும் வண்டி

மார்ச் 4, திங்கள்

இன்றும் அதே இடம். பால்மீராவுக்கு முன்னால் உள்ள சின்னப் பாலத்தில் ஏறும்போது எஞ்சின் நின்றது. இருமவில்லை, திணறவில்லை. யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல ஒரே அடியில் நின்றது. வண்டி மிச்ச வேகத்தில் உருண்டு, பாலத்தைக் கடந்து, கரும்புக் கொல்லையோரம் ஒதுங்கியது.

தம்பி ஒஸ்மெலுக்கு இது பழகிவிட்டது. இறங்கி, பானட்டைத் தூக்கி, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் காயில் மேல் ஈரத்துணியைப் போர்த்தினான். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பின்னால் எங்கள் ஊர் செனாய்தா அம்மா, ஒஸ்மெலைப்போல டயாலிசிஸுக்கு வருகிறவர். "என் கல்யாணத்துக்கு உங்கப்பாதான் இந்த வண்டியில என்னைக் கூட்டிட்டுப் போனாரு. அன்னிக்கும் வழியில நின்னுச்சு. அப்பவே இறங்கி ஓடியிருக்கணும், எனக்குப் புத்தி இல்ல."

சிரித்தோம். ஆனால் ஆஸ்பத்திரியில் சிரிப்பு இல்லை. தாமதமாக வந்தால் நேரத்தைக் குறைக்கத்தான் முடியும், அடுத்தவர் மெஷினுக்குக் காத்திருக்கிறார் என்றார் டாக்டர் இடால்மிஸ். தப்பு அவர்மேல் இல்லை. எங்கள் ஊர் நோயாளிகளை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போகும் அரசாங்க வண்டி டயர் இல்லாமல் ஜனவரி முதல் நிற்கிறது. அப்பாவின் பழைய பிளைமவுத் கார் ஓடுகிறது என்பதால் எனக்குப் பெட்ரோல் மட்டும் தருகிறார்கள். குரூசெஸிலிருந்து சியென்ஃபுவேகோஸுக்கு வாரம் மூன்று தடவை. என் தம்பி, செனாய்தா அம்மா, நான்.

திரும்பும்போது வண்டி நிற்கவில்லை. எப்போதுமே திரும்பும்போது நிற்பதில்லை. ஏன்?

மார்ச் 5, செவ்வாய்

ஃப்ளோரோ வந்தான். எங்கள் தெருவின் கார் எலக்ட்ரீஷியன். பானட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"காயில். அரைமணி ஓடினதும் சூடாகுது, செத்துப்போகுது. ஈரத்துணி போட்டா உயிர் வருது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?"

எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஒரு ரஷ்ய லாடா காரிலிருந்து கழற்றிய காயிலைக் கொண்டுவந்திருந்தான். எங்கள் வண்டியில் ஏற்கெனவே பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் லாடாவுடையவை. கண்டன்சர் போலந்துக்காரன் சின்னக் காரிலிருந்து வந்தது. உடம்பும் எஞ்சினும் மட்டும் ஐம்பத்திரண்டில் வந்த அமெரிக்கச் சரக்கு. "இது கார் இல்ல டிக்னா, ஐக்கிய நாடுகள் சபை. அதான் எந்த முடிவும் எடுக்க மாட்டேங்குது" என்றான்.

மாட்டி முடித்ததும் தனியாகவே ஓட்டிப்போனான். பாலம் தாண்டி, பால்மீரா வரை போய்த் திரும்பினான். நிற்கவேயில்லை. "என்கிட்ட பூனைக்குட்டியா இருக்கு. உன்கிட்டதான் நகத்தைக் காட்டுது."

பார்க்கலாம்.

மார்ச் 6, புதன்

பார்த்தாயிற்று. புதுக் காயில். அதே பாலம். அதே ஈரத்துணி.

மார்ச் 7, வியாழன்

ஃப்ளோரோ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கண்டன்சரை மாற்றினான். தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே திறந்து மூடும் பாயிண்டைத் தேய்த்து, இடைவெளியைச் சரிபார்த்தான். உள்ளே போகும் மெல்லிய கம்பியை நெளித்து நெளித்துப் பார்த்தான். முறிவு ஏதும் இல்லை.

"ரகசிய சுவிட்சைப் பார்த்துட்டியா?" என்றான்.

இங்கே ரகசிய சுவிட்ச் இல்லாத பழைய வண்டி கிடையாது. திருட்டுக்குப் பயந்து ஒவ்வொருவரும் எங்கோ ஓர் இடத்தில் ஒளித்துவைத்திருப்பார்கள். அதைப் போடாமல் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது. இடத்தை யாரிடமும் சொல்வதில்லை. ஃப்ளோரோ தன் வண்டியின் சுவிட்சைப் பெண்டாட்டியிடம்கூடக் காட்டியதில்லை என்று பெருமையாகச் சொல்வான். அப்பா வைத்தது ஸ்டீயரிங் கம்பத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஃப்ளோரோவைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு நானே குனிந்து சோதித்தேன். சுத்தமாக, இறுக்கமாக இருந்தது.

"நான் உன் வண்டிக்கு வைத்தியம் பார்க்கறேன், நீ என்னைச் சுவத்தைப் பார்க்கச் சொல்ற" என்றான். "உன் இடத்தில நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்" என்றும் சொன்னான்.

சாயங்காலம் எதிர்பாராத ஆள். கேட்டுக்கு வெளியே என் முன்னாள் கணவன் எவேலியோ. விவாகரத்துக்குப் பிறகு இந்த ஒன்பது வருஷத்தில் அவன் இந்தக் கேட்டருகே வந்து நின்றது இதுதான் முதல் தடவை. ஒஸ்மெலிடம் முடிவெட்டிக்கொள்ளக்கூடப் பின்பக்கச் சந்து வழியாகத்தான் வருவான்.

"வண்டி சட்டுன்னு அணைஞ்சுபோகுதுன்னு ஒஸ்மெல் சொன்னான்."

"ஆமா."

"ஒரு மணி நேரம் வண்டியை என்கிட்ட விடு. பார்த்துத் தரேன். ஆனா யாரும் பக்கத்துல இருக்கக்கூடாது. ஃப்ளோரோவும் வேண்டாம்."

"ஏன்?"

"எனக்குக் கூட்டம் ஆகாது, தெரியுமே உனக்கு."

விவாகரத்தின்போது இந்த வண்டியில் பாதி தன்னுடையது என்று வாதாடியவன். என் அப்பாவின் வண்டியில். அவன் கையில் சாவி கொடுப்பதா? ஃப்ளோரோ பார்த்துக்கொள்வான் என்றேன். அவன் நகரவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய்விட்டான்.

அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எதற்காக வந்தான்?

மார்ச் 8, வெள்ளி

நிற்கவில்லை! போகும்போதும் நிற்கவில்லை. பாலம் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். செனாய்தா அம்மா முட்டி வலிக்கிறது, காலை நீட்ட வேண்டும் என்று முன்னால் உட்கார்ந்திருந்தார். அவரும் பேச்சை நிறுத்திவிட்டார், அது வண்டி ஓடுவதைவிடப் பெரிய அதிசயம். ஒஸ்மெல் பின்னாலிருந்து "ஓடுது ஓடுது" என்று பந்தய வர்ணனை செய்தான்.

இன்று பெண்கள் தினம். ஃப்ளோரோ தெரு முழுக்கக் கேட்கும்படி, "டிக்னாவுக்குப் பூ கிடையாது, கண்டன்சர்தான் பரிசு" என்று கத்தினான். அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். இருந்த கடைசிப் பொடி.

இரண்டு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் தோள்கள் இறங்கின.

மார்ச் 11, திங்கள்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் இடைவெளி அதிகம். உடம்பில் தண்ணீர் சேர்ந்துவிடும். ஒஸ்மெல் காலையிலேயே முகம் வீங்கியிருந்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று விடிய விடிய உட்கார்ந்தே இருந்திருக்கிறான். முன்னால் ஏறி உட்காரும்போதே மூச்சு இளைத்தது.

பாலத்தில் நின்றது.

அவனால் இறங்க முடியவில்லை. நானே ஓடிப்போய்த் துணியை நனைத்துப் போட்டேன். காத்திருந்தேன். சாவி. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி துணி. மறுபடி சாவி. ஐயோ, பிடிக்கவேயில்லை. ஒஸ்மெல் ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு வாயால் மூச்சு விடுகிறான், உதடு நீலமா போகுது, நான் பைத்தியக்காரி மாதிரி சாவியைத் திருப்பிக்கிட்டே இருக்கேன். கடைசியில் ஸ்டார்ட்டரும் முனக ஆரம்பித்தது. பேட்டரி இறங்கிவிட்டது.

செனாய்தா அம்மாதான் ரோட்டின் நடுவில் போய் நின்றார். கைத்தடியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு. கரும்பு ஏற்றப் போன டிராக்டர் நின்றது. "என்மேல ஏத்திட்டுப் போயிடுவியா? ஏத்து பார்ப்போம். உங்கம்மா யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார். அந்த டிராக்டர் எங்களைப் பால்மீரா மருத்துவமனை வரை இழுத்துப்போனது. அங்கே ஆக்சிஜன். பிறகு ஆம்புலன்ஸ்.

பாதி நேரம்தான் மெஷின் கிடைத்தது.

டாக்டர் இடால்மிஸ் என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனார். குரலை உயர்த்தவில்லை. "டிக்னா, புதன்கிழமை நேரத்துக்கு வரலைன்னா இவரை வார்டுல சேர்த்துடறேன். ரோட்டுல சாகவிட என்னால முடியாது."

அது ஒஸ்மெல் காதில் விழுந்துவிட்டது. ஆம்புலன்ஸ் எங்களைத் திரும்பப் பால்மீராவில் இறக்கியது; அங்கே விட்டிருந்த வண்டியை நாலு பேர் தள்ளிக் கிளப்பினார்கள், அவன் பின்னால் படுத்துக்கொண்டான். வீட்டு வாசலில் சொன்னான்: "வார்டுல போட்டா நான் திரும்பி வரமாட்டேன்க்கா. பக்கத்துக் கட்டில்காரர் அப்படித்தான் போனாரு. நல்லாதான் இருந்தாரு. வீட்டுக்கு வர முடியாதுன்னதும் சாப்பிடறதை விட்டுட்டாரு."

அவனுடைய முடிவெட்டும் நாற்காலி முன்னறையில் இருக்கிறது. மெஷினுக்குப் போகாத நாட்களில் அதைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கும். அந்த நாற்காலி இல்லாமல் அவன் யார்?

மார்ச் 12, செவ்வாய்

தூக்கமில்லை. உள்ளூர் ரேடியோவில் செய்தியாளராக இருந்த காலத்துப் பழக்கம்: யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, என்ன நடந்தது என்பதை மட்டும் பார்.

சூட்டினால் என்கிறார்கள். சூடு என்றால் சியென்ஃபுவேகோஸ் போய்ச் சேரும்போது இன்னும் சூடு. அங்கே நிற்பதில்லை. பாலத்தில்தான் நிற்கிறது. பாலத்தில் என்ன இருக்கிறது? குழி. ஏறும் இடத்தில் தார் பெயர்ந்து, வண்டி தூக்கிப்போடும்.

ஈரத்துணி போட்டால் கிளம்பும் என்கிறார்கள். நேற்றுப் போட்டேன். கிளம்பவில்லை. அப்படியென்றால் துணிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையோ?

ஃப்ளோரோவிடம் போய் டெஸ்ட் லாம்ப் கேட்டேன். சின்ன பல்பு, இரண்டு கம்பி. ஒரு கம்பியைக் காயிலுக்குக் கரண்ட் வரும் முனையிலும் இன்னொன்றை வண்டியின் இரும்பிலும் கட்டி, பல்பை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து ஓட்டிக்கொண்டே போவது. எஞ்சின் நிற்கும்போது பல்பும் அணைந்தால் கரண்ட் வரவில்லை, குற்றம் வரும் வழியில். பல்பு எரிந்துகொண்டே இருந்தால் குற்றம் காயிலிலோ டிஸ்ட்ரிபியூட்டரிலோ.

"நான் மாத்தின காயில் மேல சந்தேகமா?"

"இல்ல. உன் காயிலை நிரபராதின்னு நிரூபிக்கத்தான் கேக்கறேன்."

முணுமுணுத்துக்கொண்டே கட்டிக் கொடுத்தான்.

மத்தியானம் ஒஸ்மெல் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மச்சான் மறுபடி கேட்டாருக்கா. ஒரு மணி நேரம் போதுமாம். உன்கிட்ட இன்னொரு தடவை சொல்லச் சொன்னாரு."

"அவனுக்குத் தெரிஞ்சதை வாயால சொல்லச் சொல்லு."

"கேட்டேன். எழுந்து போயிட்டாரு. பாதி ஷேவிங்ல."

மார்ச் 13, புதன்

இன்று எல்லாம் தலைகீழாயிற்று. நல்லதற்குத்தான்.

விடிவதற்குள் கிளம்பிவிட்டோம். ஒரு தடவை நின்றாலும் சமாளிக்க நேரம் இருக்கட்டும் என்று. பல்பை செனாய்தா அம்மாவின் கையில் கொடுத்தேன். மெழுகுவத்தி ஊர்வலத்தில் போவதுபோல நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். ஒஸ்மெல் வழக்கம்போல முன்னால், வலது ஓரம்.

பாலம். குழி. தூக்கிப்போட்டது. நின்றது.

"அணைஞ்சுபோச்சு மகளே!"

காயிலுக்குக் கரண்ட் வரவில்லை. ஃப்ளோரோவின் காயிலும் கண்டன்சரும் நிரபராதிகள். சரி, ஆனால் இப்போது என்ன செய்வது? அப்பாவின் சுவிட்சைத் தொட்டேன், ஆட்டினேன். ஒன்றுமில்லை. சாவியை அசைத்தேன். ஒன்றுமில்லை.

ஒஸ்மெல் பெருமூச்சு விட்டான். "துணியைப் போடறேன்க்கா" என்று கதவைத் திறந்து இறங்கினான்.

"எரியுது!" என்று அலறினார் செனாய்தா அம்மா.

ஒஸ்மெல் இன்னும் துணியை எடுக்கவே இல்லை. ரோட்டில் ஒரு கால், வண்டியில் ஒரு கை.

"உக்காரு" என்றேன்.

மெதுவாக உட்கார்ந்தான். எரிந்துகொண்டே இருந்தது.

"தொப்புனு உக்காரு."

"என்னக்கா, நான் என்ன..."

"உக்காருடா!"

தொப்பென்று உட்கார்ந்தான். அணைந்தது. எழுந்தான். எரிந்தது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். செனாய்தா அம்மாதான் முதலில் சிரித்தார். "இத்தனை நாளா காயிலு கண்டன்சருன்னு மாத்திக்கிட்டு இருந்தீங்களே, மாத்த வேண்டியது இந்தத் தடியனை!"

தடியன் பின்னால் போனான். அம்மா முன்னால் வந்தார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முழு நேரமும் மெஷின் ஓடியது. டாக்டர் இடால்மிஸ் வார்டுக் கட்டில் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

இப்போது எல்லாம் சேர்ந்துவருகிறது. திரும்பும்போது மெஷின் களைப்பில் அவன் பின் இருக்கையில் படுத்துத் தூங்குவான், அதனால் நிற்பதில்லை. ஃப்ளோரோ தனியாகப் போனபோது நிற்கவில்லை. பெண்கள் தினத்தன்று அவன் பின்னால். ஈரத்துணி ஒரு நாளும் ஒன்றும் செய்யவில்லை. துணியைப் போட அவன் இறங்கினானே, அதுதான் வைத்தியம். திங்களன்று அவனால் இறங்க முடியவில்லை. நான் சாவியைத் திருப்பத் திருப்ப, அவன் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான்.

எதன்மேல்?

மார்ச் 14, வியாழன்

முன் இருக்கையைக் கழற்றினோம்.

வலது ஓரத்து ஸ்பிரிங் ஒன்று முறிந்திருந்தது. பிப்ரவரியில் ஒஸ்மெல் உட்கார்ந்தபோது 'டங்'கென்று ஒரு சத்தம் கேட்டது நினைவிருக்கிறது. முறிந்த முனை கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர்கீழே, தரையோடு தரையாக, ஒரு சுவிட்ச். கனமான ஆள் குலுங்கி உட்கார்ந்தால் ஸ்பிரிங் முனை சுவிட்சின் குமிழைப் பாதி தூரம் தள்ளுகிறது. எடை போனதும் குமிழ் தானே திரும்பிவிடுகிறது.

அப்பாவின் சுவிட்ச் இது இல்லை. அது ஸ்டீயரிங் கம்பத்தில் இருக்கிறது. இது இரண்டாவது.

ஃப்ளோரோ சாவியிலிருந்து கம்பியைத் தடவிக்கொண்டே வந்தான். சாவியிலிருந்து சிவப்பாகக் கிளம்புகிற கம்பி, விரிப்புக்கு அடியில் வலது பக்கம் போய், சுவிட்சுக்குள் நுழைந்து, பச்சையாக வெளியே வந்து காயிலுக்குப் போகிறது. "நான் இத்தனை நாள் காயில் முனையில பச்சையைப் பார்த்துட்டே இருந்தேன். சாவியில சிவப்பையும் பார்த்தேன். ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு மண்டையில ஏறல" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

பிறகு கம்பிக்கட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். மெழுகு தடவிய நூலால், விரற்கடைக்கு ஒரு முடிச்சாக, வரிசையாகக் கட்டியிருந்தது. டேப் சுற்றவில்லை.

"இது கார்க்காரன் வேலை இல்ல. சர்க்கரை ஆலை எலக்ட்ரீஷியனுங்க பேனல்ல இப்படித்தான் கட்டுவாங்க."

ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த ஒரே ஒரு ஆள்தான் இந்த வண்டியைத் தொட்டிருக்கிறான். ஃப்ளோரோவுக்கும் தெரியும். பெயரைச் சொல்லாமல் கருவிகளை எடுத்துவைத்தான்.

"எப்ப வச்சிருப்பான்?" என்று கேட்டான். "திருட்டுக்குன்னா ஏற்கெனவே ஒண்ணு இருக்கே."

எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்ட். சாந்தா கிளாரா நகரத்துப் பெரிய ரேடியோவில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. எவேலியோவை விட்டுப் போவதென்று முடிவுசெய்து, அவனிடம் முகத்துக்கு நேராகச் சொல்லியும்விட்டேன். பெட்டிகளை ஏற்றியாயிற்று. தையல் மெஷினைக்கூட ஏற்றியாயிற்று. சாவியைத் திருப்பினேன். கிளம்பவில்லை. எவேலியோ வெளியே வந்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு வெயிலில் பானட்டுக்குள் தலையை விட்டான். நகம் தேய்க்க நான் வைத்திருந்த அரத்தைக் கேட்டு வாங்கிப் பாயிண்டைத் தேய்த்தான். வியர்வை முதுகில் வழிந்தது. பொழுது சாயும்வரை வேலைசெய்தான். "டிஸ்ட்ரிபியூட்டர் போச்சு. பாகம் ஹவானாவுலேர்ந்து வரணும். ஒரு மாசம் ஆகும். வந்ததும் மாட்டித் தரேன், நீ போ" என்றான்.

அந்த முதுகைப் பார்த்துத்தான் என் மனசு இளகியது. விட்டுப் போகிறவளுக்கு வழி செய்துகொடுக்க வெயிலில் நிற்கிறானே என்று. எலுமிச்சைச் சாறு போட்டுக் கொடுத்தேன். பெட்டிகளை இறக்கினேன். ஒரு மாதம் கழித்து ஏதோ ஒரு பாகத்தைக் கொண்டுவந்து மாட்டினான், முதல் திருப்பிலேயே கிளம்பியது. இருக்கைக்கு அடியில் குமிழை விடுவித்திருக்கிறான், அவ்வளவுதான். நான் கைதட்டினேன். கைதட்டினேன்டா பாவி. கைதட்டிட்டு உள்ளே போய் உனக்குச் சோறு போட்டேன்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தேன்.

அந்த இருக்கையில், அந்த ஓரத்தில், அந்த ஆறு வருஷமும் உட்கார்ந்து போனவள் நான்தான்.

மார்ச் 15, வெள்ளி

ஃப்ளோரோ சாவியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரே கம்பி இழுத்துவிட்டான். ஒஸ்மெல் முன்னால் உட்கார்ந்தான். பாலத்துக் குழியில் வேண்டுமென்றே வேகமாக விட்டேன். நிற்கவில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

மார்ச் 16, சனி

போனேன். அவன் வீடு ரயில்வே லைன் ஓரம். முன்தாழ்வாரத்தில் யாருடைய மின்விசிறியையோ பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தான். நான் உட்காரவில்லை.

"இருக்கையைக் கழட்டிட்டோம்" என்றேன்.

தலை குனிந்துவிட்டான். "அடுத்த நாளே சொல்லிடணும்னுதான் இருந்தேன்" என்றான். "நீ எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து குடுத்த. அப்புறம் எப்படிச் சொல்றது? ஒவ்வொரு நாளும் கஷ்டமாயிடுச்சு. நீ போயிட்ட பிறகு அது அங்க இருக்கறதே மறந்துபோச்சு, சத்தியமா. ஒஸ்மெல் சொன்னப்பத்தான்..."

"சொன்னப்ப தெரிஞ்சுபோச்சு."

"ம்."

"பெண்கள் தினத்துக்கு முன்னாடியே தெரியும் உனக்கு."

"அதான் வண்டியைக் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். கழட்டிட்டு ஒண்ணும் சொல்லாம குடுத்திருப்பேன்."

"வண்டியை எதுக்குக் கேட்ட? இருக்கைக்கு அடியில பாருன்னு கேட்டுல நின்னு சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான். திங்கக்கிழமை அவன் உதடு நீலமாயிடுச்சு எவேலியோ."

அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. ஆகஸ்ட்டுக்காகத் திட்டப் போனேன் என்று நினைத்திருந்தேன். அந்த ஆறு வருஷம் என்னுடையது, அதை நான் எப்படியாவது சுமந்துகொள்வேன். ஆனால் திங்கட்கிழமை ஒஸ்மெலுடையது. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவன் என் தம்பியின் மூச்சை எடுத்துக்கொண்டான். அதைத்தான் சொன்னேன், இதே வார்த்தைகளில் இல்லை. கத்தினேன். ரயில்வே லைனில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஒஸ்மெலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே கேட்டான். அவனுக்கு எவேலியோவைப் பிடிக்கும், எப்போதுமே. துடைத்த கத்தரிக்கோலையே மறுபடி துடைத்தான்.

மார்ச் 23, சனி

இதை எழுதாமல் இருக்க முடியாது.

காலையில் எவேலியோ முடிவெட்டிக்கொள்ள வந்தான். பின்சந்து வழியாக இல்லை, முன்வாசல் வழியாக. அதற்கே தைரியம் வேண்டும். நான் சமையலறையிலேயே இருந்துவிட்டேன். முன்னறையில் நாலைந்து பேர் டொமினோ ஆடிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒஸ்மெல் மரியாதையாக வரவேற்று, நாற்காலியில் உட்காரவைத்து, துணியைப் போர்த்தி, முடிவெட்டும் மெஷினை எடுத்தான். வலது பக்கம் முழுக்க ஒட்ட வெட்டினான். அழகாக. பிறகு மெஷின் சத்தம் நின்றது.

"என்னாச்சு?" எவேலியோவின் குரல்.

"மெஷின் போச்சு. பாகம் ஹவானாவுலேர்ந்து வரணும். ஒரு மாசம் ஆகும்."

டொமினோக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கரண்ட்டும் இருந்தது, மெஷினும் அவன் கையில்தான் இருந்தது. "கத்தரிக்கோல் இருக்கே" என்றான் ஒருவன்.

"அதுவும் போச்சு" என்றான் ஒஸ்மெல்.

கதவிடுக்கில் பார்த்தேன். எவேலியோ கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் காடு. அவனே துணியை அவிழ்த்து, மடித்து, நாற்காலியின் கைப்பிடியில் வைத்தான். தொப்பி கொண்டுவரவில்லை. அப்படியே தெருவில் இறங்கி, கடைவீதி வழியாக நடந்துபோனான்.

பிறகு சமையலறையில் நானும் ஒஸ்மெலும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஒஸ்மெல் சுவரில் சாய்ந்துகொண்டான். "சந்து வழியா போயிருக்கலாம் இல்ல?" என்றான்.

மார்ச் 27, புதன்

ஓடுகிறது. எழுத ஒன்றுமில்லை. ஃப்ளோரோ புது ரகசிய சுவிட்ச் ஒன்று வை என்று உயிரை வாங்குகிறான். அப்பாவுடையதே போதும் என்றேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு மூட்டாக வலி. கொசுக் காய்ச்சல்தான் என்கிறார் தெரு நர்ஸ். எழுந்தால் சுற்றுகிறது.

நாளை புதன்.

ஃப்ளோரோவுக்குக் கண்ணில் புரை, லைசென்ஸ் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள்; பால்மீரா வரை ஒளிந்து ஓட்டுவான், சியென்ஃபுவேகோஸ் ரோட்டில் போலீஸ் நிற்கும். ஒஸ்மெல் போகும்போது ஓட்டிவிடுவான், மெஷினிலிருந்து எழுந்த பிறகு ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே முடியாது. இந்தக் கியரைப் போடத் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனை பேர்? யோசித்து யோசித்து ஒரே முகத்தில் வந்து நிற்கிறேன். வேண்டாம். வேற யாராவது.

வேற யாரும் இல்லை.

சாயங்காலம் ஒஸ்மெலைக் கூப்பிட்டேன். "போய்க் கேளு" என்றேன். யாரை என்று அவன் கேட்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி வந்தான்.

"ஸ்டீயரிங் கம்பத்துச் சுவிட்சைச் சொல்லணுமேக்கா. அது இல்லாம கிளம்பாதே."

"அவனுக்குத் தெரியாதா என்ன? அத்தனை வருஷம் ஓட்டியிருக்கான்."

"இடம் மாத்தியிருப்பியோன்னு நினைப்பாரு."

மாற்றியிருக்க வேண்டும்தான்.

"மாத்தலைன்னு சொல்லு" என்றேன்.

ஏப்ரல் 3, புதன்

விடியும்போது முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது கேட்டது. படுக்கையிலிருந்து எழவில்லை. செனாய்தா அம்மா எவேலியோவின் தலையைப் பார்த்துச் சொன்னதும் கேட்டது: "யாரு இது, முட்டை வியாபாரியா?" மிச்சப் பாதியையும் அவனே மழித்துவிட்டான் போலிருக்கிறது. சத்தம் தெருக்கோடியில் திரும்பி மறைந்தது. பிறகு நாள் முழுக்கக் காய்ச்சலோடு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இப்போது எங்கே இருப்பார்கள், இப்போது எங்கே என்று.

மத்தியானத்துக்கு மேல் வந்தார்கள். சாவி முன்னறை மேஜையில் வைக்கப்பட்ட சத்தம். காலடிகள் வெளியேறின. அவன் உள்ளே வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

ஒஸ்மெல் என் கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தான். களைத்திருந்தான், ஆனால் முகம் தெளிந்திருந்தது. முழு நேரமும் ஓடியது என்றான்.

"நேரத்துக்குப் போயிட்டீங்களா?"

"போயிட்டோம். பாலத்துக்கிட்ட மட்டும் கொஞ்சம் நேரமாச்சு."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நேர்க்கம்பி. ஃப்ளோரோ இழுத்த புதுக் கம்பி. அதுவுமா? "மறுபடி நின்னுதா?"

"இல்லக்கா. 'இங்கதானா'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். ஓரமா விட்டு, சாவியை அணைச்சு, இறங்கிப் போய் அந்தக் குழிக்கிட்ட நின்னாரு. தொப்பியைக் கழட்டிக்கிட்டு. செனாய்தா அம்மா நேரமாச்சுன்னு கத்தறாங்க, அப்பவும் நின்னுட்டே இருந்தாரு." கண்ணை மூடிக்கொண்டான். "வண்டி நிக்கலக்கா. மச்சான்தான் நிறுத்தினாரு."